மூன்று சுழி எங்கே போனது? எழுத்துரு ஹின்டிங் பற்றிய கேள்வி பதில்

எழுத்துருவின் வளைவுகளைத் திரையின் பிக்செல் கட்டங்களில் எப்படிப் பொருத்தி நிறுத்துவது என்று சொல்லும் ஆணைகளே ஹின்டிங். அது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஒரே கோப்பு, ஒரே எழுத்துரு. விண்டோஸில் மெலிந்து கூர்மையாக இருக்கிறது. மேக்கில் தடித்துத் தெரிகிறது. எது சரி, ஐயா?

பதில்: இரண்டும் இரண்டு கொள்கைகள். எழுத்து கட்டத்துக்குள் பொருந்தி நிற்க வேண்டும் என்பது விண்டோஸின் நெடுநாள் கட்சி. வரைந்தவர் வரைந்த வடிவம் கெடக் கூடாது என்பது மேக்கின் கட்சி. எழுத்துருவில் எழுதியிருக்கும் ஹின்டிங் ஆணைகளை அது சட்டை செய்வதே இல்லை. போதாக்குறைக்கு, கோடுகளைச் சற்றுத் தடிப்பாக்கும் பழக்கமும் அதற்கு உண்டு. வேடிக்கை என்னவென்றால், இந்த ஆணைகளுக்கு இடம் தந்த ட்ரூடைப் என்ற எழுத்துருக் கோப்பு வகையை உருவாக்கியதே ஆப்பிள்தான். 2018இல் வந்த மேக்கின் மொஹாவே பதிப்பில், பிக்செல்லுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலத் துண்டுகளைத் தனித்தனியே பயன்படுத்தி எழுத்தைக் கூர்மையாக்கும் முறையையும் கைவிட்டார்கள். பிக்செல்கள் நெருக்கமாக உள்ள ஆப்பிளின் ரெட்டினா திரையில் இது உறுத்தாது. பழைய மானிட்டரை மேக்கோடு இணைத்தால்தான் எழுத்து மங்கும்.

கேள்வி: லினக்ஸில் சிறிய அளவில் மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் ஒன்றுபோலத் தெரிகின்றன. எழுத்துரு பழுதா, என் கண் பழுதா?

பதில்: உங்கள் கண்ணில் பழுது இல்லை. 96 டிபிஐ (அங்குலத்துக்கு 96 பிக்செல்) திரையில் 10 புள்ளி அளவு எழுத்துக்குக் கிடைப்பது 13 பிக்செல் சொச்சம். அதற்குள் கொம்பும் காலும் புள்ளியும் குடியிருக்க வேண்டும். உங்கள் எழுத்துருவில் ஹின்டிங் ஆணைகளே இல்லை என்று நினைக்கிறேன். அப்படியானால், லினக்ஸில் எழுத்துகளை வரைந்துதரும் ஃப்ரீடைப் என்ற மென்பொருள் தன் தானியங்கி ஹின்டரை இறக்கிவிடும். ஹின்டிங் அமைப்பு ‘ஃபுல்’ (Full) என்று இருந்தால், அது இடம் வலமாகவும் கோடுகளை முழுப் பிக்செல்லுக்குத் தள்ளும். சுழிகளுக்கு நடுவே அரைப் பிக்செல் இடைவெளி இருந்தால், ஒன்று அது முழுப் பிக்செல்லாகும், இல்லையேல் காணாமல் போகும். காணாமல் போனால் ‘ண’ ‘ன’வாகிவிடும்.

‘ஸ்லைட்’ (Slight) என்று மாற்றிப் பாருங்கள். க்னோம் என்ற லினக்ஸ் திரைமுகத்தைப் பயன்படுத்துபவர் என்றால் ட்வீக்ஸ் செயலியில், எழுத்துருப் பகுதியில் இருக்கிறது. அது மேல் கீழாக மட்டும் நகர்த்தும். எழுத்தின் தலையும் அடியும் கூர்மையாகும், அகலவாக்கில் சுழிகள் பிழைத்துக்கொள்ளும். ‘நன்’ (None) என்று வைத்து ஹின்டிங்கை அடியோடு நிறுத்தினால் வடிவம் கெடாது. ஆனால் மெய்யெழுத்தின் புள்ளி இரண்டு வரிசைகளில் பாதி பாதியாக விழுந்து சாம்பல் கறையாகத் தெரியும். சாதாரணத் திரையில் தமிழ் படிக்க என் ஓட்டு ‘ஸ்லைட்’டுக்கே.

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் லினக்ஸைப் புதுப்பித்ததும் எழுத்துகளின் முகமே மாறிவிட்டது. நான் எந்த அமைப்பையும் தொடவில்லை.

பதில்: 2016இல் வந்த ஃப்ரீடைப் 2.7 காரணமாக இருக்கலாம். அதில் ட்ரூடைப் ஆணைகளை நிறைவேற்றும் முறை மாறியது. விண்டோஸ் எழுத்தைக் கூர்மையாக்கும் கிளியர்டைப் முறையைப் போலவே இடம் வலமான நகர்வுகளைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். பழைய முகம்தான் வேண்டும் என்றால் 35ஆம் எண் முறைக்குத் திரும்ப வழி உண்டு. ஏரியல் போலக் கையால் ஹின்டிங் செய்த எழுத்துருக்களுக்கு அது அழகு; மற்றவற்றுக்கு வேண்டாம்.

கேள்வி: ஹின்டிங்கை மாற்றினால் வரி உடைவதும் மாறுகிறதே?

பதில்: எழுத்தின் அகலமும் முழு எண்ணாக்கப்படும்போது அப்படித்தான் ஆகும். 7.4 பிக்செல் அகல எழுத்தை 7 ஆக்கினால், 70 எழுத்து உள்ள வரியில் 28 பிக்செல் மிச்சமாகும். அடுத்த வரிச் சொல் மேலே ஏறிவிடும். அச்சுக்குப் போகும் பிடிஎஃபுக்கு இந்தத் தொல்லை இல்லை. 600 டிபிஐ அச்சில் அதே 10 புள்ளி அளவு எழுத்துக்கு 83 மைப்பொட்டு உயரம் கிடைக்கிறது.

கேள்வி: தமிழ் எழுத்துரு ஒன்று செய்கிறேன். கையால் ஹின்டிங் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம், ஆயுள் போதாது. டிடிஎஃப்ஆட்டோஹின்ட் என்ற இலவசக் கருவிக்குத் தமிழ் தெரியும். மேல் கீழ் நகர்வை மட்டும் செய்துதரும். பிறகு விண்டோஸில் 12 முதல் 16 பிக்செல் வரை ஒவ்வோர் அளவிலும் ‘ஞ’, ‘ணு’, ‘ழு’ மூன்றையும் பாருங்கள்.

கேள்வி: கைபேசியில் இதற்கு அமைப்பு எங்கே?

பதில்: தேட வேண்டாம். அந்தத் திரைகளின் பிக்செல் நெருக்கத்தில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.