மருமகளுக்குச் சுட்ட மண் வாங்கிக் கொடுக்கலாமா?

ஐந்து மாதக் கர்ப்பிணியான தம் மருமகள் திண்ணையோரச் செம்மண்ணைக் கிள்ளித் தின்பதாகவும், இணையத்தில் விற்கும் ‘சுட்டுச் சுத்தம் செய்த’ மண்ணையாவது வாங்கிக் கொடுக்கலாமா என்றும் ஓர் அம்மா கேட்டிருக்கிறார்.

வாங்காதீர்கள், அம்மா. சுட்டால் புழு முட்டைகள் சாகும். மண்ணில் ஈயம் இருந்தால் அது அடுப்புச் சூட்டில் போகாது. தாயின் இரத்தத்தில் கலக்கும் ஈயம் நஞ்சுக்கொடி வழியே சிசுவைச் சென்றடைந்து, அதன் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பொட்டலத்தின் மேல் ‘இயற்கையானது’ என்று அச்சடிக்கும் வியாபாரி, அந்த மண்ணை எந்தக் குழியில் தோண்டினார் என்று சொல்வதில்லை. மசக்கைக்காரியின் ஏக்கத்தைக் காசாக்கும் இவர்களைக் கேட்பார் இல்லையே என்பதுதான் என் ஆற்றாமை. சிலேட்டுக்குச்சிக்கும் இதே பதில்தான்.

இந்த ஆசை நமக்குப் புதிதல்ல. கருவுற்ற மகளிர் விரும்பி உண்பதல்லாமல் பகைவர் உண்ண முடியாத மண் உன்னுடையது என்று சேர மன்னனைப் புறநானூற்றின் 20ஆம் பாடல் புகழ்கிறது. ஆனால் இன்று என் முன்னால் வரும் பெண்களில் பலருக்கு இந்த ஆசையோடு இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்தே இருக்கிறது. மண் அந்தக் குறையைத் தீர்ப்பதில்லை. சில களிமண் வகைகள் உணவிலுள்ள இரும்பையும் குடலில் பற்றிக்கொண்டு வெளியேற்றிவிடுவதால், தின்னத் தின்னக் குறை கூடுகிறது.

ஹீமோகுளோபின் 11 கிராமுக்கு மேல் இருக்கிறதே என்று சிலர் நிம்மதி அடைவார்கள். அங்கேதான் கவனம் வேண்டும். உடலின் இரும்புச் சேமிப்பு முழுவதும் கரைந்த பிறகே ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். அதாவது எண் சரியாக இருக்கும்போதே சேமிப்பு காலியாகியிருக்கலாம். சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. அதைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள், ஏனென்றால் கேட்காமல் எழுதித் தருபவர்கள் குறைவு.

அரசு தரும் இரும்பு மாத்திரையை நாளுக்கு ஒன்றாக 180 நாள் சாப்பிட வேண்டும். அட்டையைக் கையில் திணித்து அனுப்புகிறார்களே தவிர, டீ, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு அதை விழுங்கினால் இரும்பு சரியாக உடலில் சேராது என்பதைச் சொல்வதில்லை. எலுமிச்சைச் சாற்றோடு கொடுங்கள். இரும்பு ஏற ஏற, மண்ணாசை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும்.

மருமகளைத் திட்டாதீர்கள். முந்தானையில் சிலேட்டுக்குச்சியை முடிந்துவைத்துக்கொண்டு, இமையின் உட்புறம் வெளிறிப்போன நிலையில், நான்கு முறை வந்தும் வாய் திறக்காத ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறேன். அடுத்த பரிசோதனைக்கு நீங்களும் உடன் சென்று, எத்தனை மாதமாக, எந்த மண்ணை, எவ்வளவு தின்கிறாள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டுமா என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.