வாசகர் கேள்வி–பதில்: முதல் கடல்நீர் மீன் தொட்டி

கேள்வி: நன்னீர்த் தொட்டியில் கப்பியும் ஏஞ்சலும் வளர்த்துப் பழகிய எனக்கு இப்போது கோமாளி மீன் வளர்க்கும் ஆசை வந்திருக்கிறது. கடற்கரையிலிருந்தே நீர் எடுத்து வந்து தொட்டியை நிரப்பலாமா? இரண்டடித் தொட்டி போதுமா?
– திருவான்மியூர் வாசகர்

பதில்: கடல் அருகில் இருப்பதால் உங்களுக்குப் பெரிய அனுகூலம் எதுவும் இல்லை. அலை புரளும் இடத்து நீரில் வண்டலும் நகரத்துக் கழிவும் கலந்திருக்கும். அடையாற்று முகத்துவாரமும் உங்களுக்கு அதிகத் தொலைவில் இல்லை. வடகிழக்குப் பருவமழையின்போது ஆற்று வெள்ளம் சேர்வதால் கரையோர நீரின் உப்பளவும் குறைந்துவிடும். ஆகவே ஆர்.ஓ. நீரில், மீன் தொட்டிக்கென்றே விற்கப்படும் செயற்கைக் கடலுப்பைக் கரைத்துக்கொள்வதே நல்லது. சமையல் உப்பு உதவாது. அது ஏறக்குறைய முழுவதும் சோடியம் குளோரைடு மட்டுமே. கடல் மீனுக்கான நீரில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியனவும் உரிய விகிதத்தில் இருக்க வேண்டும். லிட்டருக்கு ஏறத்தாழ 35 முதல் 40 கிராம் உப்பைத் தனி வாளியில் இட்டு, முழுவதும் கரையும்வரை சிறு பம்ப் வைத்துச் சுழலவிட்டு, ஒப்படர்த்தி (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 என்ற அளவில் இருப்பதை, உப்பளவு காட்டும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரால் உறுதி செய்த பிறகே தொட்டியில் ஊற்றுங்கள்.

சிறிய தொட்டியே புதியவருக்கு எளிது என்பது பலருடைய எண்ணம். நடைமுறை இதற்கு நேர்மாறானது. நீர் குறைவாக இருந்தால் வெப்பமும் உப்பளவும் சில மணி நேரத்திலேயே மாறிவிடும். இடமும் பணமும் அனுமதித்தால் 150 லிட்டருக்குக் குறையாத மூன்றடித் தொட்டியாக வாங்குங்கள். கண்ணாடி, மணல், நீர் எல்லாம் சேர்ந்து 200 கிலோவைத் தாண்டும் என்பதால், தாங்கி உறுதியாக இருக்க வேண்டும்.

கேள்வி: தொட்டியில் நீர் நிரப்பிய மறுநாளே மீன்களை விட்டேன். நீர் தெளிவாகத்தான் இருக்கிறது; ஆனாலும் மீன்கள் ஒவ்வொன்றாக இறந்துவிட்டன. உப்பளவு சரியாக இருந்தும் ஏன் இப்படி?
– மதுரை வாசகர்

பதில்: உங்கள் மீன்கள் பெரும்பாலும் அம்மோனியாவால் இறந்திருக்க வேண்டும். அது நிறமற்றது என்பதால் நீரின் தெளிவைப் பார்த்து எதையும் முடிவு செய்ய இயலாது. மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட உணவிலிருந்தும் உண்டாகும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் கொடிய நஞ்சு, மூன்றாவதின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. இந்த பாக்டீரியாக்கள் மணலிலும் கல்லிலும் வடிகட்டியிலும் போதுமான அளவு பெருகுவதற்குச் சாதாரணமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டியில் மீனே இருக்கக் கூடாது. பம்பை ஓடவிட்டு, அவ்வப்போது ஒரு சிட்டிகை மீன் உணவை மட்டும் போட்டு வாருங்கள். பரிசோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் முதலில் ஏறி, பிறகு இரண்டுமே பூச்சியத்துக்கு இறங்கி, நைட்ரேட் தென்படும்போதுதான் தொட்டி தயாராகிறது. கடல்நீரின் பி.எச். (அமில, காரத்தன்மையைக் காட்டும் அளவு) 8.1 முதல் 8.4 வரை இருப்பதால், ஒரே அளவு அம்மோனியா சாதாரண நன்னீரில் செய்வதைவிட இங்கே அதிகக் கேடு செய்யும். நன்னீரில் தப்பிப் பிழைத்த அவசரம் இங்கே பலிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். ‘சோதனைக்கு இரண்டு டாம்செல் விட்டுப் பாருங்கள்’ என்று, எதையும் தாங்கும் அந்தச் சிறு கடல்மீனைச் சில கடைக்காரர்கள் பரிந்துரைப்பதுண்டு. அது மீனுக்கு இழைக்கும் கொடுமை, பிழைத்துக்கொண்டால் அம்மீனே பின்னால் வரும் மீன்களை விரட்டிக் கடிக்கும்.

கேள்வி: அழகுக்காகத் தொட்டியில் பவளப் பாறை வைக்கலாமா? முதல் மீனாக எதை வாங்குவது?
– தூத்துக்குடி வாசகர்

பதில்: வைக்கக் கூடாது. கல் பவளங்கள் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் பாதுகாப்பில் உள்ளவை. உயிருள்ளதாயினும் கரையில் ஒதுங்கிய எலும்புக்கூடாயினும் எடுப்பதும் விற்பதும் குற்றமாகும். கடற்குதிரைக்கும் இச்சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. உங்கள் ஊரையடுத்த மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். துளைகள் நிறைந்த செயற்கைப் பீங்கான் கற்கள் கடைகளில் கிடைக்கின்றன. பாக்டீரியா தங்குவதற்கு அவையே போதும்.

முதல் மீனாகப் பண்ணையில் பொரித்து வளர்த்த கோமாளி மீன் இணை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இம்மீனைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கின்றன. இயற்கையில் அதற்குப் புகலிடமாக இருக்கும் பூப்போன்ற கடலுயிரான கடற்சாமந்தி இல்லாமலும் அது நலமாக வாழும். கடற்சாமந்தியை வளர்ப்பதோ புதியவரால் ஆகக்கூடிய காரியமன்று.

கேள்வி: கோடையில் தொட்டி நீர் 32 டிகிரியைத் தொடுகிறது. நீர் வற்றும்போது உப்பு நீரையே ஊற்றி ஈடு செய்கிறேன். சரியா?
– வேலூர் வாசகர்

பதில்: இரண்டாவது செயலை உடனே நிறுத்துங்கள். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். எனவே ஈடு செய்ய வெறும் ஆர்.ஓ. நீரை ஊற்ற வேண்டும். வெப்பம் 25 முதல் 27 டிகிரி வரை இருப்பது நல்லது. வேலூரின் வறண்ட கோடையில் நீர்ப்பரப்பின்மீது சிறு மின்விசிறி வீசச் செய்தாலே சில டிகிரி இறங்கும். போதாவிட்டால் நீரைக் குளிர்விக்கும் கருவியான சில்லர் வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. வெந்நீரில் ஆக்ஸிஜன் குறைவாகவே கரையும் என்பதால், மின்வெட்டு நேரத்துக்கென பேட்டரியில் இயங்கும் காற்றுப் பம்ப் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.