திங்களும் புதனும் வரும் வயிற்று வலி

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, தரம் 9இல் படிக்கிறாள். கணவருக்குக் கொழும்பில் வேலை கிடைத்ததால் இவ்வாண்டின் தொடக்கத்தில் ஹட்டனிலிருந்து கொட்டாஞ்சேனைக்குக் குடிவந்தோம். பாடசாலை காலி வீதிப் பக்கம் இருக்கிறது. வான் காலை 6.10க்கு வந்துவிடும். ஞாயிறு இரவே வயிறு வலிக்கிறது என்று தொடங்குகிறாள். திங்களும் புதனும் மிக மோசம்; வாந்தியும் வருகிறது. வைத்தியர் இரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு ஒரு நோயும் இல்லை என்றார். ஆனால் சனிக்கிழமை வெள்ளவத்தையில் நடக்கும் கணித வகுப்புக்கு மட்டும் சிரித்த முகத்தோடு போகிறாள். அதனால் கணவர் இதை நடிப்பு என்கிறார். மாமியார் நாவூறு என்கிறார். இந்தத் தவணையில் 17 நாட்கள் போகவில்லை. கட்டாயப்படுத்தி அனுப்புவதா, கொஞ்ச நாள் வீட்டில் விடுவதா, பாடசாலையை மாற்றுவதா?

பதில்: அன்புள்ள தாய்க்கு, உங்கள் கேள்விக்கான விடையில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சனிக்கிழமை வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கணவர் அதை நடிப்புக்குச் சான்றாகப் பார்க்கிறார். எனக்கு அது மிக நல்ல செய்தி. உங்கள் மகள் படிப்புக்குப் பயப்படவில்லை, புதிய இடத்துக்கும் பயப்படவில்லை என்பதை அது காட்டுகிறது. அவளை வருத்துவது பாடசாலை நாளுக்குள் இருக்கும் ஏதோ ஒரு குறிப்பிட்ட நேரம். திங்களிலும் புதனிலும் இருந்து, மற்ற நாட்களில் இல்லாத, அல்லது குறைவாக இருக்கிற ஏதோ ஒன்று. அதைக் கண்டுபிடித்துவிட்டால் நீங்கள் கேட்ட மூன்று வழிகளில் எதுவுமே தேவைப்படாமல் போகலாம்.

முதலில் வலியைப் பற்றி. அது உண்மையான வலி. பயம் வரும்போது உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. செரிமானத்துக்குப் போக வேண்டிய இரத்தம் கை கால் தசைகளுக்குத் திரும்புகிறது. குடல் சுவரிலிருக்கும் நரம்பு வலை தூண்டப்படுகிறது, குடல் தசைகள் இறுகுகின்றன. வயிறு பிசைவதும் குமட்டுவதும் அதனால்தான். ஸ்கேனில் தெரியாது என்பதால் அது இல்லை என்று ஆகிவிடாது. "நடிக்கிறாய்" என்ற சொல்லை வீட்டில் எவரும் இனி உச்சரிக்க வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்ட பிள்ளை, வலி உண்மை என்று நிரூபிப்பதிலேயே முழுப் பலத்தையும் செலவிடும். மாமியார் நாவூறு கழிக்கட்டும், தடுக்காதீர்கள். பாட்டியின் கை தலையில் படுவது எந்தப் பிள்ளைக்கும் ஆறுதல்தான். அது சிகிச்சைக்கு மாற்றாகிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைதல், காய்ச்சல், மலத்தில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மறுபடி வைத்தியரிடம் போங்கள். அவை இல்லையென்றால் புதுப்புதுச் சோதனைகளுக்கு அலைய வேண்டாம். ஒவ்வொரு சோதனையும் பிள்ளையின் மனதில் "எனக்குள் ஏதோ பெரிய நோய் இருக்கிறது" என்ற எண்ணத்தை ஆழமாக்கும்.

இனி அந்த நேரத்தைத் தேடுவோம். வெள்ளிக்கிழமை மாலை, பாடசாலை ஐந்து நிமிடமும் நினைவுக்கு வராத ஒரு பொழுதில், அவளுடைய நேரசூசியை எடுத்து மேசையில் வையுங்கள். அதில் பாடவேளைகள் இருக்கும். அவற்றோடு நேரசூசியில் இல்லாதவற்றையும் எழுதச் சொல்லுங்கள்: வானில் ஏறுவது, வானில் யார் பக்கத்தில் அமர்வது, வாசலில் நுழைவது, காலைக் கூட்டம், இடைவேளை, சிற்றுண்டிச்சாலை வரிசை, மலசலகூடம், விளையாட்டுப் பாடத்துக்கு உடை மாற்றுவது, வீட்டுக்குத் திரும்பும் வானுக்காகக் காத்திருப்பது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 0 முதல் 10 வரை ஓர் எண் போடட்டும். 0 என்றால் நிம்மதி, 10 என்றால் தாங்க முடியாது. ஏன் என்று கேட்காதீர்கள். எண்ணை மட்டும் வாங்குங்கள். "பள்ளிக்கூடத்தில் என்ன பிரச்சினை?" என்று கேட்டால் "ஒன்றும் இல்லை" என்ற பதில்தான் வரும், பதினான்கு வயதுப் பிள்ளையிடம் அவ்வளவு பெரிய கேள்விக்குச் சொற்கள் இருக்காது. எண் போடுவது எளிது. சொல்ல வெட்கப்படுவதையும் எண்ணாக எழுதிவிடலாம்.

ஆலோசனை ஆசிரியையாக இருந்த காலத்தில் இந்தத் தாளை எத்தனையோ பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். பெற்றோர் நினைத்த இடத்தில் 10 வந்தது மிகக் குறைவு. கணக்குப் பாடத்துக்குப் பயம் என்று அழைத்துவரப்பட்ட ஒரு பையன் எல்லாப் பாடங்களுக்கும் 2, 3 என்று போட்டுவிட்டு மலசலகூடத்துக்கு 10 போட்டான். கதவின் தாழ்ப்பாள் உடைந்திருந்தது, பெரிய பையன்கள் கதவைத் தள்ளித் திறப்பார்கள். அவன் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறான். ஒரு தாழ்ப்பாளைப் பொருத்தியதும் அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வந்துவிட்டான்.

உங்கள் மகள் விடயத்தில் நான் முதலில் பார்க்கச் சொல்வது, திங்களும் புதனும் எந்தப் பாடத்தில் எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வேண்டியிருக்கிறது என்பதை. என் ஊகம் தவறாக இருக்கலாம். அவள் போடும் எண்தான் முடிவு. ஆனால் மலையகத்திலிருந்து கொழும்புக்கு வந்த பிள்ளைகள் பலர் இந்த இடத்தில் காயப்பட்டதை நேரில் கண்டிருக்கிறேன். அவர்கள் வாயைத் திறந்ததும் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழும். கொழும்புப் பிள்ளைகள் மூச்சுக்கு மூச்சு ஆங்கிலச் சொல் கலந்து பேசும்போது இவர்கள் தமிழில் நிறுத்திக்கொள்வார்கள், அதற்கும் ஒரு பார்வை வரும்.

அப்படித்தான் என்று தெரியவந்தால், தயவு செய்து அவளுடைய பேச்சைத் திருத்தப் போகாதீர்கள். "இங்கே இப்படிப் பேசப் பழகு" என்று அன்பாகச் சொன்னாலும் சிரித்தவர்கள் பக்கம் வீடும் சேர்ந்துகொண்டதாகவே அவளுக்குத் தோன்றும். கொழும்பில் ஒரு தமிழ் வகுப்பறைக்குள் போய்க் கேட்டுப் பாருங்கள்: யாழ்ப்பாணத் தமிழ், மட்டக்களப்புத் தமிழ், மன்னார்த் தமிழ், மலையகத் தமிழ், வீட்டில் சிங்களமும் கலந்து பேசும் பிள்ளையின் தமிழ் எல்லாம் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கும். வந்தவர்களால் ஆன நகரம் இது. இதில் எவருடைய தமிழும் மற்றவருடையதற்குத் தாழ்ந்ததில்லை. இதை அவளிடம் உரையாகச் சொல்லாமல், வீட்டில் நீங்கள் உங்கள் பேச்சை மாற்றாமல் பேசிக் காட்டுங்கள்.

இப்போது உங்கள் மூன்று கேள்விகள். வீட்டில் விடுவது பற்றி எனக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு தந்தையிடம் "மகனை இரண்டு வாரம் ஓய்வில் விடுங்கள், தானாகச் சரியாகும்" என்று சொன்னேன். அந்தப் பையன் மறுபடி வகுப்பில் அமர ஒரு முழுத் தவணை பிடித்தது. காரணம் இதுதான்: வான் போய்விட்டது என்று தெரிந்த நிமிடம் வயிறு தளர்கிறது. அந்த நிம்மதி மூளைக்கு ஒரு பாடம் கற்பிக்கிறது, "போகாமல் இருந்ததால் தப்பித்தேன்" என்று. அடுத்த நாள் பயம் இன்னும் கொஞ்சம் பெரிதாக வருகிறது. போயா விடுமுறை முடிந்த மறுநாளும், தவணை விடுமுறைக்குப் பின் முதல் நாளும் இத்தகைய பிள்ளைகளுக்குக் கடினமாக இருப்பது இதனால்தான். மறுபுறம், அழுகிற பிள்ளையை இழுத்து வானில் ஏற்றுவது, அவள் பயத்தைக் கேட்க வீட்டில் ஆளில்லை என்பதை மட்டுமே அவளுக்குச் சொல்லும். பாடசாலையை மாற்றுவதை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். ஆண்டின் நடுவில் கொழும்பில் இன்னொரு பாடசாலையில் இடம் பிடிப்பது பெரும் அலைச்சல். அது கிடைத்தாலும் அவள் அங்கேயும் புதிய பிள்ளைதான்.

ஆகவே வகுப்பாசிரியையைச் சந்தியுங்கள். கணவரும் வரட்டும். காலை மணியடிக்கும் நேரத்தில் வாசலில் நிறுத்திப் பேசாமல், நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அந்த எண்கள் எழுதிய தாளை மகளின் சம்மதத்தோடு கொண்டுபோங்கள். "என் மகளைக் கவனியுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் "கவனிக்கிறோம்" என்ற பதிலோடு திரும்பி வருவீர்கள். மூன்று சிறிய விடயங்களைக் கேளுங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் அவளை எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம். எந்தப் பந்தி என்று முதல் நாளே சொன்னால் வீட்டில் பழகி வருவாள், முதலில் இரண்டு வரி, பிறகு ஐந்து. அவள் இருக்கையை மாற்றி, மென்மையான ஒரு மாணவியின் பக்கத்தில் அமர்த்த வேண்டும். வயிறு பிசையும்போது கேள்வி கேட்காமல் பத்து நிமிடம் நூலகத்துக்கோ ஆலோசனை அறைக்கோ போய்வர அனுமதிக்க வேண்டும். போன பிள்ளை அதே பாடவேளைக்குள் திரும்பி வந்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள். அவள் பெயரைச் சொல்லி வகுப்பைக் கண்டிப்பதை மட்டும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படிக் கண்டித்தால் அன்று இடைவேளையிலேயே கேலி இருமடங்காகும்.

ஆசிரியையிடம் பலன் இல்லையென்றால் பகுதித் தலைவர், பிறகு அதிபர். ஒவ்வொரு சந்திப்பின் திகதியையும் பேசியதையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். ஒருவேளை அவள் 10 போட்ட இடத்தில் ஓர் ஆசிரியரின் அடியோ அவமானப்படுத்தலோ இருந்தால், நேரே அதிபரிடம் எழுத்தில் கொடுங்கள். பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை இருக்கிறது. கேலி வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிருந்தால் பதில் எழுதாமல் திரையைப் படமெடுத்து வையுங்கள். ஆனால் தொலைபேசியைப் பறிக்காதீர்கள்; பறிபோகும் என்று தெரிந்தால் அடுத்த முறை உங்களிடம் சொல்லவே மாட்டாள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எவரும் அழைக்கலாம்.

அவள் தூக்கத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 6.10 வானுக்கு 5 மணிக்காவது எழ வேண்டும். இரவு வீட்டு வேலை முடிய 11 மணி ஆகிறது என்றால் ஆறு மணி நேரம்தான் மிஞ்சுகிறது. இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும். பருவ வயதில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இரவில் பிந்தியே சுரப்பதால், எட்டு மணிக்குப் படுக்கச் சொன்னாலும் தூக்கம் வராது. அதைச் சோம்பல் என்று நினைக்க வேண்டாம். வார நாட்களில் பிரத்தியேக வகுப்பு ஏதும் இருந்தால் இந்தத் தவணைக்கு நிறுத்துங்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. சனிக்கிழமை கணித வகுப்பை மட்டும் தொடாதீர்கள். "பள்ளிக்கூடம் போகாதவளுக்கு டியூசன் எதற்கு" என்று கோபத்தில் அதை நிறுத்தத் தோன்றும். கொழும்பில் அவள் தலை நிமிர்ந்து போகும் ஒரே இடம் அதுதான். அதே பாடசாலையிலிருந்து அந்த வகுப்புக்கு வரும் பிள்ளை எவராவது உண்டா என்று விசாரியுங்கள். இருந்தால், திங்கட்கிழமை வாசலில் அவளுக்காகக் காத்திருக்க ஒருவர் கிடைத்துவிட்டார்.

அப்படியும் வீட்டில் தங்கும் நாள் வரும். அன்று படுக்கையும் தொலைக்காட்சியும் வேண்டாம். நேரசூசிப்படி கொப்பிகளை எடுத்து மேசையில் அமரட்டும். இது தண்டனை என்ற தொனியில் சொல்லாதீர்கள், அன்றைய சாப்பாட்டிலும் பேச்சிலும் குறை வைக்காதீர்கள்.

மூன்று வாரம் முயன்றும் மாற்றம் இல்லையென்றால், அல்லது எதிலும் ஆர்வமற்று அறைக்குள் ஒதுங்கினால், உங்கள் வைத்தியரிடம் கடிதம் பெற்று அரச வைத்தியசாலையின் சிறுவர் மனநலப் பிரிவுக்குப் போங்கள். பொரளை லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் அந்தச் சேவை இலவசமாகக் கிடைக்கிறது. "செத்துப்போனால் நல்லது" என்பது போல ஒரு சொல் வந்தாலோ, கையில் வெட்டுக் காயம் கண்டாலோ மூன்று வாரம் காத்திருக்காதீர்கள், அன்றே அழைத்துப் போங்கள். "சாக வேண்டும் என்று நினைக்கிறாயா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது; கேட்க ஓர் ஆள் இருக்கிறது என்ற தைரியமே வரும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இரவிலும் இயங்குகிறது.

திரும்பத் தொடங்குவதற்கு வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். திங்களில் தொடங்கினால் ஐந்து நாட்கள் மலைபோல் முன்னால் நிற்கும். வியாழன் என்றால் இரண்டே நாட்கள், அவற்றில் புதனும் இல்லை. முதல் வாரம் முடிந்தால் உங்களில் ஒருவர் வாசல் வரை கூடப் போங்கள். மாலையில் வந்ததும் "இன்று வலித்ததா?" என்று கேட்காதீர்கள். தேநீரைக் கொடுத்து, அந்தத் தாளில் இன்றைய எண்களைப் போடச் சொல்லுங்கள். ஒரு 10 என்றைக்காவது 8 ஆகியிருந்தால், அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று மட்டும் கேளுங்கள்.