அணிக்குள் ஒட்டுதல் வர என்ன விளையாட்டு வைக்கலாம்? பயிற்சியாளர் கேள்வி-பதில்

கேள்வி: 14 வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணிக்குப் பயிற்சி தருகிறேன். பழைய பையன்கள் ஒரு கட்சி, புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒரு கட்சி. பிக்னிக் கூட்டிப்போனேன். பஸ்ஸிலேயே தனித்தனியாக உட்கார்ந்துகொண்டார்கள்.

பதில்: அப்படித்தான் உட்காருவார்கள். 1954-இல் முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர், அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு கோடை முகாமில் 22 சிறுவர்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் போட்டி வைத்தார். சில நாளிலேயே ஒருவர் கொடியை மற்றவர் எரிக்கும் அளவுக்குப் பகை முற்றியது. சமாதானத்துக்காக ஒன்றாகச் சாப்பிட வைத்தார்கள், படம் காட்டினார்கள். சாப்பாட்டை ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொண்டதுதான் மிச்சம். முகாமுக்குத் தண்ணீர் வராமல் நின்றதும், சாப்பாடு வாங்கப் போகவேண்டிய லாரி கிளம்பாமல் மக்கர் செய்ததும்தான் (இரண்டும் ஷெரீஃப் குழுவினர் செய்த ஏற்பாடு) அவர்களை மெல்ல மெல்லச் சேர்த்தன. லாரியை இழுக்க எடுத்தது, முன்பு இரு குழுவும் எதிரெதிரே நின்று இழுத்த அதே கயிறு.

ஆக, ஒருத்தன் இல்லாமல் இன்னொருத்தனுக்கு வேலை நடக்காது என்ற நிலையைப் பயிற்சிக்குள்ளேயே கொண்டுவாருங்கள். ஆறுக்கு ஆறு ஆட்டம் வையுங்கள். பக்கத்துக்கு மூன்று பழையவர், மூன்று புதியவர். பந்து இரண்டு பழையவர், இரண்டு புதியவர் காலிலாவது பட்டிருந்தால்தான் கோல் செல்லும். முதலில் எரிச்சல்படுவார்கள், பரவாயில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் பாஸ் வரும் என்று கொஞ்ச நேரத்தில் பிடிபட்டுவிடும். நானாக இருந்தால் கோலை எண்ண மாட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா என்றுதான் காதைக் கொடுத்துக் கேட்பேன்.

கேள்வி: வாலிபால் அணி, 12 பேர். பிராக்டிஸுக்கு முன்னால் பத்து நிமிஷம்தான் கிடைக்கும். பெரிதாகச் சாமான் எதுவும் கிடையாது.

பதில்: எடையே இல்லாத ஒரு நீளக் குச்சியோ மெல்லிய பிளாஸ்டிக் குழாயோ இருந்தால் போதும். எட்டுப் பேரை நாலு நாலாக எதிரெதிரே நிறுத்துங்கள். எல்லோரும் ஆள்காட்டி விரலை நெஞ்சு உயரத்தில் நீட்டட்டும். அந்த விரல்கள்மேல் குச்சியை வையுங்கள். அதைத் தரைக்கு இறக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பிடிக்கக் கூடாது, ஒரு விரல்கூடக் குச்சியை விட்டு விலகக் கூடாது.

‘இறக்கு’ என்றதும் குச்சி மேலே போகும்! விரல் விலகிவிடுமோ என்று ஆளாளுக்குத் துளி மேலே தள்ள, எல்லாம் சேர்ந்து குச்சியின் எடையை மிஞ்சிவிடுகிறது. உடனே ‘யாருடா தூக்குறது?’ என்று சண்டை கிளம்பும். நீங்கள் குறுக்கே போகாதீர்கள். யார் கத்துகிறார், யார் கைகழுவுகிறார், யார் எண்ணிக்கை போட்டு இறக்கப் பார்க்கிறார் என்று கவனித்தால், இழுபறியான ஐந்தாவது செட்டில் இவர்கள் எப்படி இருப்பார்கள் என்று ஓரளவு தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒரே குரல் சொல்லி, மற்றவர்கள் கேட்டு மெதுவாகக் குனியும்போதுதான் குச்சி இறங்கும். மீதி நாலு பேர் வெளியே நின்று பார்க்கட்டும். கோளாறு எங்கே என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

கேள்வி: கண்ணை மூடிப் பின்பக்கமாக விழ, மற்றவர்கள் தாங்கிப் பிடிக்கும் விளையாட்டு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். பிடி தவறினால் தலையிலும் முதுகிலும் அடிபடும், அடுத்த ஆட்டத்துக்கு ஆள் இருக்காது. கண்ணைக் கட்டிக்கொண்டு, ஜோடியின் சொல்படி கூம்புகளுக்கு நடுவே நடக்க விடுங்கள். ஓட விடாதீர்கள்.

கேள்வி: எந்த விளையாட்டு வைத்தாலும் கேப்டன் ஒருத்தியே பேசுகிறாள். மற்றவர்கள் வாயே திறப்பதில்லை.

பதில்: யாருமே பேசக் கூடாத விளையாட்டாக வையுங்கள். வாய் திறக்காமல் பிறந்த மாதம், தேதிப்படி வரிசையில் நிற்கச் சொல்லுங்கள், சைகை மட்டும்தான். அடுத்த சுற்றில் கேப்டனுக்கு மட்டும் வாய்ப்பூட்டு. அன்றைக்குத்தான் யாருக்கு என்ன யோசனை இருக்கிறது என்று கேப்டனுக்கே தெரியவரும்.

கேள்வி: கயிறிழுப்பு வைத்தால் ஒற்றுமை வளருமா?

பதில்: உற்சாகம் வரும். ஆனால் மேக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1913-இல் வெளியிட்ட ஆய்வைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். கயிறிழுக்க ஆள் சேரச் சேர, தலைக்கு இவ்வளவு என்று வரும் பலம் குறைந்துகொண்டே போகிறது. எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பது ஒரு காரணம்; ‘நான் கொஞ்சம் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது’ என்பது இன்னொன்று. அவரவர் பங்கு தெரிகிற மாதிரி வைத்தால் இந்த நழுவல் குறையும். ரிலே ஓட்டத்தில் ஒவ்வொருவர் நேரத்தையும் தனியாகக் குறித்து அவரிடமே காட்டுங்கள். கடைசியில் வந்தவர் பெயரைச் சத்தமாக வாசிக்க வேண்டாம்.

கேள்வி: தோற்ற பக்கத்துக்குப் புஷ்-அப் கொடுக்கலாமா?

பதில்: சேர்த்துவைக்க விளையாட்டு வைத்துவிட்டுத் தண்டனை எதற்கு? முடிந்ததும் எல்லோருமாகச் சேர்ந்து சாமான்களை எடுத்து வையுங்கள். நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸ் ரக்பி அணியில் ஆட்டம் முடிந்ததும் உடைமாற்றும் அறையை வீரர்களே பெருக்குவது வழக்கம், பெரிய ஆட்டக்காரர்கள் உட்பட. விசிலோடு ஓரமாக நிற்காமல் நீங்களும் நாலு கூம்பைத் தூக்குங்கள்.