நிபோங் திபால் வாய்க்காலில் கண்ட பாம்பு – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வயலையொட்டிய வாய்க்காலில் மீனைக் கவ்விக்கொண்டிருந்த பாம்பொன்றின் படத்தை இணைத்துள்ளேன். கண்ணுக்குக் கீழே சாய்வாக இரண்டு கறுப்புக் கோடுகள் தெரிகின்றன. நாகப்பட்டினத்திலிருந்து வந்த என் பாட்டி இதைத் தண்ணீர்ப் பாம்பு என்பார். ஊரிலும் இதே பாம்புதான் என்பார். பழைய நூலில் நாட்ரிக்ஸ் பிஸ்கேட்டர் என்றும், புதிய பட்டியலில் வேறு விதமாகவும் இருக்கிறது. இரண்டும் ஒன்றா? பெயரை ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்?

– ஒரு வாசகி, நிபோங் திபால், பினாங்கு

அன்புள்ள வாசகிக்கு,

பாட்டி ஊரில் கண்டதும் நீங்கள் இங்கே கண்டதும் நெருங்கிய உறவுடைய இருவேறு இனங்கள். கண்ணடியில் உள்ள கோடுகள் இரண்டுக்கும் பொது என்பதால், அவரை இதில் குறை சொல்ல இடமில்லை. ஆய்வாளர்களே நெடுங்காலம் இரண்டையும் ஒன்றாகத்தான் வைத்திருந்தார்கள்.

பேட்ரிக் ரஸல் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796இல் வெளியிட்ட நூலின் ஓவியம் ஒன்றை ஆதாரமாகக் கொண்டு, ஷ்னைடர் 1799இல் பிஸ்கேட்டர் என்ற இனப்பெயரைச் சூட்டினார். லத்தீனில் அது மீனவனைக் குறிக்கும். ஆக, உங்கள் பாட்டியின் கரையிலிருந்தே அந்தப் பெயர் பிறந்தது. நீங்கள் கண்டதன் இனப்பெயர் ஃபிளாவிபங்டேட்டஸ். ஹாலோவெல் என்ற ஆய்வாளர் அதை விவரித்ததோ சீனத்தின் கேன்டன் ஆற்றுப் பாம்பைக் கொண்டு. தென்சீனம், வியட்நாம், லாவோஸ், கம்போடியா, தாய்லாந்து வழியாகத் தீபகற்ப மலேசியா வரை பரவியிருப்பது இதுவே. பினாங்கு வாய்க்கால் இந்தப் பரப்பில்தான் அடங்குகிறது. வயிற்றுச் செதில் ஒவ்வொன்றின் ஓரத்திலும் குறுக்கே ஓடும் கறுப்பு விளிம்பு இதன் முக்கிய அடையாளம். ஃபோகல், டேவிட் என்ற ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட மறு ஆய்வு இந்தக் கூட்டத்தைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. அதன்படி ஜாவாவில் மெலன்சோஸ்டஸ், இலங்கையில் மட்டும் அஸ்பெரிமஸ், அந்தமானில் டிட்லெரி எனத் தனித்தனி இனங்கள் உள்ளன.

பேரினப் பெயரின், அதாவது இனப்பெயருக்கு முன்னால் வரும் முதற்பெயரின், கதை வேறு. நாட்ரிக்ஸ் என்ற பெயரின் கீழ் பல கண்டங்களின் நீர்ப்பாம்புகளை அடைத்து வைத்திருந்ததை மால்னேட் என்ற ஆய்வாளர் 1960இல் பிரித்தார். அதன்பின் நம் பாம்பு செனோக்ரோஃபிஸ் ஆயிற்று. அப்பேரினத்தின் மாதிரி இனமான (பேரினப் பெயர் எந்த இனத்தோடு கட்டுண்டிருக்கிறதோ, அந்த இனம்) செரசோகாஸ்டரை 1839இல் விவரித்தவர், பிற்பாடு பினாங்கில் பணியாற்றி, 1847இல் மலாய்த் தீபகற்ப ஊர்வன பட்டியலை வெளியிட்ட டேனிய மருத்துவர் கேன்டர் என்பது நம்மூர்க்காரர்கள் அறிய வேண்டிய செய்தி. செரசோகாஸ்டருக்கும் பிஸ்கேட்டர் கூட்டத்துக்கும் நேர் உறவில்லை என்று 2018இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியதால், செனோக்ரோஃபிஸ் என்ற பெயர் செரசோகாஸ்டருக்கே உரியதாக நின்றது. பிஸ்கேட்டர் கூட்டத்துக்கு, தியோபால்ட் என்பவர் 1868இல் உருவாக்கிய ஃபௌலியா என்ற பேரினப் பெயர் மீண்டும் வழக்குக்கு வந்தது. உறவு திருத்தப்படும்போது பெயரும் மாறத்தான் வேண்டும். மாறாதிருந்தால் அந்தப் பட்டியலை நான் நம்பமாட்டேன்.

ஆகவே உங்கள் படத்தின் கீழ் ஃபௌலியா ஃபிளாவிபங்டேட்டஸ் என்று எழுதி வையுங்கள். அடுத்த முறை வயிற்றுப் பக்கம் தெரியும்படி ஒரு படம் கிடைத்தால் அனுப்புங்கள். அதற்காகக் கையில் பிடித்துவிட வேண்டாம். நஞ்சில்லாத பாம்புதான், ஆனால் கடிக்கத் தயங்காது.