புளி குத்துவிளக்குக்குச் சரி

கேள்வி: தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்று உரிமத்தோடு எங்கள் வீட்டில் இருக்கிறது. விசையைச் சுற்றியுள்ள பித்தளை வளையமும் கட்டையின் அடித்தகடும் கறுத்துவிட்டன. புளி போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: வேண்டாம் ஐயா. முதலில், குழாயில் மருந்து இல்லை என்பதை விவரம் தெரிந்தவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். ஈரம் படாத கருமருந்து பல்லாண்டு கழித்தும் வெடிக்கும்.

குத்துவிளக்கைப் புளியால் தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்துவிடலாம். துப்பாக்கியிலோ பித்தளையை ஒட்டியே இரும்பும் மரமும் இருக்கின்றன. வேலூரில் என் மாமனார் வீட்டுத் துப்பாக்கிக்கு நானே புளி வைத்தியம் செய்தேன். தகடு தங்கமாக மின்னியது; மூன்றாம் நாள் திருகாணிப் பிளவுகளில் துரு! மாமனார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அம்மோனியா கலந்த பாலிஷும் ஆகாது. வெள்ளைக்காரர் ஆட்சியில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாதான் காரணம் என்று 1921-ல் விளக்கினார்கள்.

பழைய வேட்டித் துணியில் இரண்டு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் விட்டுத் துடையுங்கள். பச்சைக் களிம்பு இருந்தால் மூங்கில் சிம்பால் மெல்லச் சுரண்டுங்கள்; கத்தி வேண்டாம். கறுப்பை விட்டுவிடுங்கள். பழம்பொருள் சேகரிப்பவர்கள் அந்தக் கறுப்புக்குத்தான் விலை கொடுக்கிறார்கள்.