பணம் கட்டிச் சேர்த்த கோடை முகாமில் 'இனி அனுப்ப வேண்டாம்' என்கிறார்கள்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, ஆட்டிசம் உண்டு. கோவையில் ஒரு தனியார் நிறுவனம் நடத்தும் 15 நாள் கோடை முகாமில் 9,000 ரூபாய் கட்டிச் சேர்த்தேன். ஆட்டிசம் என்று படிவத்திலேயே எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் ஸ்பீக்கரில் சத்தமாகப் பாட்டுப் போட்டபோது காதைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறான். குறுக்கே நின்ற பையனைத் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடியிருக்கிறான். யாருக்கும் அடி படவில்லை. 'மற்ற பெற்றோர் ஆட்சேபிக்கிறார்கள். நாளையிலிருந்து வேண்டாம். அனுப்பியே ஆகவேண்டும் என்றால் ஷேடோ டீச்சருக்கு (அவனுடனேயே இருந்து கவனிக்கும் தனி ஆசிரியர்) தனியாக 10,000 கட்டுங்கள்' என்கிறார்கள். எந்தக் குழந்தையையும் நீக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு என்ற நிபந்தனையில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) இன்னும் வரவில்லை. வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் முகாம் முடிய 12 நாள்தான் இருக்கிறது, எந்த வழக்கும் அதற்குள் முடியாது. அதனால் இன்றைக்கே ஒரு கடிதம் கொடுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் அட்டவணையில் ஆட்டிசம் இருக்கிறது. அரசு அலுவலகம் மட்டுமல்ல, கம்பெனி, கூட்டு நிறுவனம், சங்கம், அறக்கட்டளை போன்ற தனியார் அமைப்புகளும் 'நிறுவனம்' என்ற வரையறைக்குள் வருகின்றன. நியாயமான ஏற்பாடுகளை, அதாவது மாற்றுத்திறனாளியும் மற்றவர்களைப் போலப் பங்கேற்கத் தேவையான பொருத்தமான மாற்றங்களை, செய்ய மறுப்பதே பாகுபாடுதான் என்கிறது பிரிவு 2. இதுதான் உங்கள் வழக்கின் உயிர். பிள்ளையை வெளியே அனுப்பியது ஒரு பக்கம் இருக்கட்டும். அனுப்பும் முன் எதை மாற்றிப் பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி. ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தார்களா? பாட்டு முடியும்வரை அவனை வேறு அறையில் உட்கார வைத்தார்களா?

பிரிவு 3(3) நிர்வாகத்துக்கும் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. நியாயமான நோக்கம் ஒன்றை அடைய அளவோடு எடுத்த நடவடிக்கை என்று காட்டினால் தப்பிக்கலாம். பாதுகாப்பு நியாயமான நோக்கம்தான். ஓடிவிடும் பழக்கமுள்ள குழந்தையை, தனிக் கவனிப்புக்கு ஆளில்லாத நாளில் நீச்சல் குளத்துக்குள் விடமாட்டோம் என்றால் அதை நானும் தவறு என்று சொல்லமாட்டேன். தண்ணீர் விஷயத்தில் அந்தப் பயம் உண்மையானது. அதற்காக ஓவியம், விளையாட்டு உட்பட முழு முகாமிலிருந்தும் நீக்குவது அளவுக்கு மீறியது. 'மற்ற பெற்றோர் விரும்பவில்லை' என்பது ஒரு நோக்கமாகவே நிற்காது.

அடுத்து 10,000 ரூபாய். 2017-ஆம் ஆண்டு மத்திய விதிகளில் விதி 3(4) நேரடியாகவே சொல்கிறது: நியாயமான ஏற்பாட்டுக்கான செலவை, முழுதாகவோ பகுதியாகவோ, மாற்றுத்திறனாளியின் தலையில் எந்த நிறுவனமும் கட்டக்கூடாது. இங்கே ஒரு எச்சரிக்கை. ஏற்பாடு நிறுவனத்துக்கு மிகையான சுமையாக இருக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. சிறிய முகாமிடம் 'என் பிள்ளைக்கென்று முழுநேர ஆள் போடுங்கள்' என்று கேட்டால், அந்தச் சுமை வாதத்தை நீங்களே அவர்கள் கையில் கொடுக்கிறீர்கள். வீட்டிலிருந்து ஒருவர் துணைக்கு வர அனுமதியுங்கள், அதற்குக் கட்டணம் வாங்காதீர்கள் என்று கேளுங்கள். அதற்கு மறுப்புச் சொல்வது கடினம்.

கடிதத்தில் 'கொஞ்சம் அன்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதாதீர்கள். அதற்குச் சட்டத்தில் எடை கிடையாது. எண் போட்டு எழுதுங்கள்: அன்றைய நிகழ்ச்சி வரிசையைப் படங்களாகக் காலையிலேயே காட்ட வேண்டும், ஒரு விளையாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் முன் 5 நிமிடம் முன்னதாகச் சொல்ல வேண்டும், சத்தமான நிகழ்ச்சியில் காதை மூடும் ஹெட்போன் போட விட வேண்டும், தேவைப்பட்டால் ஒதுங்கி உட்கார ஒரு மூலை வேண்டும், வாசல் கதவு தாழிட்டிருக்க வேண்டும். தெரபிஸ்ட் கையெழுத்திட்ட அரைப் பக்கக் குறிப்பை இணைத்தால் இன்னும் நல்லது. கடைசிப் பத்தியில், விதி 3(2)-இன்படி (20 பேராவது வேலை செய்யும் தனியார் நிறுவனத்துக்கு அது பொருந்தும்) நடவடிக்கை எடுங்கள், அல்லது நீக்கியது எப்படி அளவான நடவடிக்கை ஆகும் என்று எழுத்தில் பதில் தாருங்கள் என்று கேட்டு இரண்டு நாள் கெடு வையுங்கள். மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் உதறிவிடுகிறவர்கள் பலருக்கு, எழுத்தில் காரணம் சொல்ல வரும்போது பேனா நகராது.

பணத்தைத் திருப்பித் தரும்போது 'சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறோம்' என்று ஒரு தாள் நீட்டுவார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் பாகுபாடு என்று பிறகு வாதாடுவது சிரமம். பெற்றுக்கொண்டதற்கு மட்டும், 'உரிமைகளை விட்டுக்கொடுக்காமல்' என்று எழுதி ரசீது கொடுங்கள். முன்பு போட்ட கையெழுத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சட்டம் தடுத்த ஒன்றைச் செய்ய ஒப்பந்த வாசகம் உரிமை தந்துவிடாது. ஆட்டிசத்தை மறைக்காமல் எழுதியது நல்லதாகப் போயிற்று. மறைத்திருந்தால் அவர்களுடைய முதல் பதிலே அதுவாகத்தான் இருக்கும்.

யுடிஐடி இல்லாததும் தடை அல்ல. குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும் என்ற அளவுகோல் இட ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு. நியாயமான ஏற்பாட்டைக் கேட்க அது தேவையில்லை என்பதை 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. மருத்துவரின் அறிக்கை போதும்.

சிசிடிவி பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள். சில நாளில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். வாட்ஸ்அப் உரையாடலுக்கு ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, போனை மாற்றாமல் வைத்திருங்கள்.

பதில் வராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. 60 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. விதிவிலக்கான நிலையில் 30 நாள். முகாம் தேதிகளைக் குறிப்பிட்டு 30 நாளைக் கேளுங்கள். ஆணையர் சம்மன் அனுப்பி விசாரிப்பார், பரிந்துரை செய்வார். அபராதம் போடுவது நீதிமன்றத்தின் வேலை. சட்டமீறலுக்குப் பிரிவு 89-இன்படி முதல் தடவை 10,000 ரூபாய் வரை.

நஷ்டஈடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, 2 ஆண்டுக்குள். கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் கிடையாது. இதே முகாமைப் பள்ளிக்கூடமே நடத்தியிருந்தால் இந்த வழியை உங்களுக்குச் சொல்லத் தயங்குவேன்: கல்வி நிறுவனங்கள் நடத்தும் சுற்றுலா, நீச்சல் போன்றவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2020-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் அரசு அங்கீகாரமுள்ள பள்ளி என்றால் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பிரிவு 16 கைகொடுக்கும். அதில் விளையாட்டும் பொழுதுபோக்கும் பெயர் சொல்லியே இருக்கின்றன.

நோட்டீஸில் அதே சட்டத்தின் பிரிவு 92-ஐச் சேர்த்து ஜெயில் என்று மிரட்டச் சிலர் யோசனை சொல்வார்கள். பலர் முன்னிலையில் வேண்டுமென்றே அவமானப்படுத்துவது போன்ற குற்றங்களுக்கானது அது. நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. பையனை அறையில் பூட்டியோ கட்டியோ வைத்தார்கள் என்று தெரிந்தால் கதை வேறு. அன்றைக்கே காவல் நிலையம் போங்கள்.

வழக்கறிஞர் செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம். மாற்றுத்திறனாளிக்கும் குழந்தைக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகும்போது படிவ நகல், பணம் கட்டிய ரசீது, மருத்துவர் அறிக்கை, கடிதம் அனுப்பிய ஸ்பீடு போஸ்ட் ரசீது ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். தொலைபேசி எண் 15100.